ஏசித் தண்ணீர்

ஏசி இல்லாத கம்பெனிக்குள் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் காலெடுத்து வைக்கமாட்டார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தொண்ணூற்றாறில் காஜா மொய்தீன் தன் பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் ஏசி மாட்டினார். அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, அந்த ஏசிக்குக் கீழே சுவரெல்லாம் தண்ணீர். சுவரோரம் தொங்கிய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பனியன்கள் தொப்பலாக நனைந்திருந்தன.

பதினொரு மணிக்குப் பையரின் சென்னை ஆபீஸிலிருந்து சுப்புலட்சுமி வருகிறாள். அந்தப் பனியன்களைப் பார்த்து அவள் சரி என்றால்தான் பெட்டியில் அடுக்கிய சரக்கு கப்பலேறும். போன ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. இதுவும் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். வேறு பனியனை மாற்றி வைக்கலாமென்றால், ஒவ்வொன்றிலும், சரக்கிலிருந்து அவளே பொறுக்கியபோது கையெழுத்துப் போட்ட சீட்டு தைத்திருக்கிறது.

மெக்கானிக் லிங்கசாமி ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினான்.

"கேஸ் போயிருச்சா லிங்கசாமி?"

"கேஸெல்லாம் நல்லாத்தானுங்க பாய் இருக்குது. உள்ளார குழா ஜில்லுனு இருக்குமுங்க. காத்துல இருக்குற ஈரம் அதுல பட்டு, கலர் சோடா பாட்டில் வேர்க்குமே, அப்பிடி வேர்த்துச் சொட்டும். தட்டுல விழுந்து ஹோஸ் வழியா வெளிய போகோணும். போகலீன்னா உங்க செவுத்துலதான எறங்கும்?"

தட்டிலிருந்து விரலால் வழித்துக் காட்டினான். பஞ்சும் பாசியும் சேர்ந்த கொழகொழப்பு.

"கட்டிங் ரூமுப் பஞ்சு பறந்து வந்து ஈரத்துல ஒட்டிக்குதுங்க. ஆனா, இத்தன சீக்கிரம் அடைக்காதே!"

வெளியே போய்ப் பார்த்தான். ஹோஸின் வாயில் நாலு மடிப்புப் பனியன் துணி, தையல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. கீழே ஒரு குடம்.

"இத ஆருங்க கட்டுனது?"

காஜா மொய்தீன் தொண்டையைச் செருமினார். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பாதி சாயப்பட்டறைச் சாயம். ஸ்டீம் இஸ்திரிக்கு ஊற்றினால் வெள்ளைத் துணியில் கறை விழும். ஏசித் தண்ணீர் சுத்தம், அதுவும் சும்மா வருவது. சும்மா வருவதை விட்டுவிடுகிற வம்சமில்லை அவருடையது. வடிகட்ட அவரேதான் துணி கட்டினார். கட்டி ஆறு மாசம் அவிழ்க்கவில்லை.

"குடத்துல தண்ணி கொறஞ்சப்பவாச்சும் பாத்திருக்கலாமுங்க."

"வெயில் காலம், ஈரம் கொறவுன்னு இருந்துட்டேன், போ."

துணியை அவிழ்த்ததும் கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. பனியன்களை ஃபேனடியில் காயப்போட்ட பிறகுதான் பார்த்தார்: சிவப்பு, வெள்ளைக்குள் ரோஸ் நிறமாக இறங்கியிருந்தது.

சுப்புலட்சுமி வந்ததும் அதைத்தான் முதலில் தொட்டாள்.

"என்ன சார் இது?"

"ஏசி ஒழுகிருச்சுங்க மேடம். இதோ, மெக்கானிக்கே சாட்சி."

"வெறும் தண்ணிதானே பட்டுது?"

"ஆமாங்க. கொழாத் தண்ணியவிடச் சுத்தமுங்க!"

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே சரக்கைக் கவிழ்த்துவிட்டது அவருக்கு உறைத்தது.

"சுத்தத் தண்ணிக்கே சாயம் விடுது. வாங்கறவங்க துவைக்க மாட்டாங்களா சார்?"

பெட்டியிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்து டம்ளர் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். அதுவும் ரோஸ். கப்பலுக்கு நாளாகிறதென்று, மிச்சச் சாயத்தைப் போக்கும் கடைசி இரண்டு அலசலை விட்டுவிடும்படி சாயப்பட்டறையை விரட்டியவர் காஜா மொய்தீன்தான்.

"பாதிச் சரக்காச்சும் எடுத்துக்கங்க மேடம்."

"மொத்தமும் ஒரே சாயம்தானே?"

பக்கத்து அறையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லக் காஜா மொய்தீன் போனார்.