யாருக்கும் மறுப்பு இல்லையென்றால்

நாடாளுமன்றக் குழு அறையின் வாசலிலேயே கர்ட்டிஸ் ஃபெல்லர் காத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர். ஆறு மாதமாக அகதிகள் வாரியத்தை வறுத்தெடுத்துக்கொண்டிருப்பவர். ஒதெத் புரூசோவைக் கண்டதும் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மேடம், வாங்க. இன்னிக்கு அந்த வாரியத்தோட முகத்திரையைக் கிழிக்கிறோம். யாருக்கும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

பத்தொன்பது வருடம் அந்த வாரியத்தின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தவள் ஒதெத். விசாரணை அறையைத் திறந்துவைப்பது, வந்தவரை உட்காரவைப்பது, ஒலிப்பதிவை ஓடவிடுவது, எழுதி முடித்த தீர்ப்பைக் கோப்பில் சேர்ப்பது. இத்தனை வருடத்தில் ஒருவரும் அவள் கையைப் பிடித்து வரவேற்றதில்லை. அதனால் கொஞ்சம் மயங்கித்தான் போனாள்.

அவள் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். வாரியத்தில் பெம்பர்ட்டன் என்றொரு தீர்ப்பாளர். தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் தனியாக விசாரித்துத் தனியாகத் தீர்ப்புச் சொல்பவர். போன மார்ச்சில் ஒரு காலை, விசாரணைக்குக் கோப்பைத் தயார்செய்யும்போது, அதே வழக்கின் தீர்ப்பு கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தாள். இரண்டு நாள் முன்பே எழுதி வைத்திருந்தார். மனு தள்ளுபடி. அதில் இப்படி ஒரு வரி: 'தம்பியின் மரணத்தைப் பற்றிக் கேட்டபோது மனுதாரர் தடுமாறினார், என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, எனவே அவரை நம்ப இயலவில்லை.'

விசாரணைக்கு வரவேண்டிய மனுதாரர் அந்த நேரம் பேருந்திலிருந்து இறங்கிக்கூட இருக்கமாட்டார்.

ஏதோ தவறு என்று நினைத்து மேலதிகாரியிடம் போனாள். "உன் வேலையைப் பாரு ஒதெத்" என்றார் அவர். பிறகு பழைய கோப்புகளைத் தோண்டிப் பார்த்தாள். நாற்பத்தொரு தீர்ப்புகளில் அதே தடுமாற்றம், அதே கண். சிலவற்றில் தம்பி, சிலவற்றில் அப்பா, ஒன்றில் மகள். அவ்வளவுதான் மாறியிருந்தது. பெயரை மாற்றிக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன்கூட இதைவிட அக்கறையாக அடிப்பான்.

வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தாள். வெளியே வாயைத் திறந்தால் வழக்கு வரும், ஓய்வூதியம் போகலாம். நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னால் மட்டும் யாரும் அவளைத் தொட முடியாது. அதற்காகத்தான் ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து மாதம் அழைப்புக்குக் காத்திருந்தாள்.

பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் சேர்னோ பாரி. அந்த மார்ச் மாத வழக்கு அவருடையது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் பேருந்து ஓட்டியவர். வேலைநிறுத்தத்தில் தம்பியைச் சுட்டுக் கொன்றார்கள், இவர் தப்பி வந்தார். வியாழக்கிழமை அவரை விமானத்தில் ஏற்றி அந்நாட்டுத் தலைநகர் கொனாக்ரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இன்று செவ்வாய். பக்கத்தில் அவருடைய வழக்கறிஞர் டாலியா. இந்த உண்மை இன்று குழுவின் பதிவில் ஏறிவிட்டால் பத்திரிகைகள் விடாது, பயணத்தை நிறுத்தச் சொல்லி அமைச்சரை நெருக்கலாம் என்று டாலியா சொல்லியிருந்தாள்.

தலைவர் வெண்டல் கிராண்டி சுத்தியலைத் தட்டினார். சாட்சி பேச ஐந்து நிமிடம். ஒதெத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தாள்.

"போன மார்ச் பதினாலாம் தேதி, ஒரு வழக்குல—"

"ஒழுங்குப் பிரச்சினை, தலைவரே!" ஆளுங்கட்சியின் ஜோஸ்லின் ஆர்சனோ கையைத் தூக்கிவிட்டார். "தனிப்பட்ட வழக்கை இங்க பேசக்கூடாது. வாரியம் சுதந்திரமான அமைப்பு. அதோட சுதந்திரத்துல நாம மூக்கை நுழைக்கலாமா?"

"சுதந்திரமா?" ஃபெல்லர் சீறினார். "யாருக்கும் பதில் சொல்லவேண்டாம்னு இருக்கறதுக்குப் பேரு சுதந்திரமா? உங்க அமைச்சருக்குத் தெரிஞ்சவங்களைப் பூரா அங்கதானே உக்கார வச்சிருக்கீங்க!"

"உங்க ஆட்சியில நீங்க வச்சவங்களும் அங்கதான் இருக்காங்க. எண்ணிச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க! சொல்லுங்க பார்ப்போம்!"

சொன்னார். இவரும் பதிலுக்குச் சொன்னார். 2009இல் யார் என்ன சட்டம் கொண்டுவந்தார்கள், 2012இல் யார் அதைக் கெடுத்தார்கள், எல்லையில் யார் கதவைத் திறந்தார்கள், யார் மூடினார்கள் என்று நாற்பது நிமிடம் போனது. பேசுகிறவர்கள் ஒருவரும் எதிரில் இருந்தவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் உதவியாளர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்துத்தான் கோபப்பட்டார்கள். படம் எடுத்தானதும் கோபமும் இறங்கிவிடும். தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த நாற்காலிக்காரருடன் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி முணுமுணுப்பார்கள். கையில் தாளோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள் ஒதெத்.

கடைசியில் பெயர்களைச் சொல்லாமல் பேசலாம் என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஆனால் அவளுடைய ஐந்து நிமிடம் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகக் கணக்கு. இனிக் கேள்விக்குப் பதில் மட்டும்தான். முதல் ஆறு நிமிடம் ஃபெல்லருக்கு. அதில் நாலே முக்கால் நிமிடம் அவரே பேசினார்.

"இப்ப நேரா கேக்கறேன் மேடம். வாரியத்துல விசாரணைக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதி வைக்கறாங்களா? ஆமாவா, இல்லையா?"

"ஆமா. ஆனா அது—"

"கேட்டீங்களா!" மேசையைத் தட்டினார். "விசாரிக்காமலே எல்லாரையும் உள்ள விட்டிருக்காங்க. வர்றவன் போறவனுக்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்தியிருக்காங்க!"

"இல்லைங்க. உள்ள விடல. நான் பார்த்த நாப்பத்தொண்ணும் தள்ளுபடி. விசாரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்காங்க."

ஃபெல்லர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். வாங்கி வந்த மீன் நாறுவதைக் கண்டுபிடித்தவரைப் போல.

"நன்றி மேடம். என் நேரம் முடிஞ்சுது."

"இன்னும் நாப்பது விநாடி இருக்கு" என்றார் தலைவர்.

"விட்டுக்கொடுத்துடறேன்."

எதிர்ப்பக்கத்தில் ஆர்சனோ சட்டென்று நிமிர்ந்தார். தள்ளுபடி என்றால் பழி தன் அமைச்சர் தலையில்தான் விழும் என்று அவருக்கும் உறைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் பச்சை விளக்குகள் மின்னின. மணி அடிக்கத் தொடங்கியது. அவையில் வாக்கெடுப்பு. புதிய குடிவரவுச் சட்டத்தின்மேல் விவாதத்தைச் சுருக்குவதா வேண்டாமா என்று. உறுப்பினர்கள் போய்ச் சேர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"மணி அடிச்சாலும், எல்லாருக்கும் சம்மதம்னா குழு தொடரலாம்" என்றார் கிராண்டி. "பத்தே நிமிஷம். அந்தம்மா சொல்ல வந்ததைச் சொல்லிடட்டும். அவையும் மாடிப்படி ஏறினா வந்துடும். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால்..."

ஒருவர் மறுத்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும். ஒதெத் ஆர்சனோவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் குனிந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தார். தனக்காக இந்த வேலையை வேறு யாராவது செய்வார்கள் என்று தெரிந்தவர்.

"மறுப்பு இருக்கு" என்றார் கர்ட்டிஸ் ஃபெல்லர்.

"நீங்கதானே இவங்களைக் கூப்பிட்டீங்க?" தலைவருக்கே ஒரு நிமிடம் விளங்கவில்லை.

"வாக்குரிமைதான் முக்கியம், தலைவரே. அவைக்குப் போகணும்."

சுத்தியல் விழுந்தது. இந்தக் கூட்டத்தொடரில் இனி இதற்கு நேரம் ஒதுக்க இயலாது என்றும், சாட்சி விரும்பினால் எழுத்தில் பத்துப் பக்கத்துக்கு மிகாமல் அனுப்பலாம் என்றும், ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு மொழியிலும் பெயர்த்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க இரண்டு வாரம் ஆகும் என்றும் கிராண்டி வருத்தத்தோடு சொன்னார். மேசையிலிருந்த ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அவசரமாக அவைக்குப் போகவேண்டியவர் அறையின் கோடிக்குப் போய், மதிய உணவுக்கு வைத்திருந்த சாண்ட்விச்சில் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். ஆர்சனோவும் அங்கேதான் நின்றார். "முட்டை தீந்துடுச்சா?" என்று கேட்டார். "கோழி நல்லாருக்கு, எடுத்துக்கங்க" என்றார் ஃபெல்லர். இருவரும் சேர்ந்தே வெளியே போனார்கள்.

தூ என்றிருந்தது ஒதெத்துக்கு.

டாலியா கைபேசியை நீட்டினாள். அதற்குள் படம் வெளியாகிவிட்டது. 'தீர்ப்பு எழுதி வைக்கறாங்களா?' என்கிறார் ஃபெல்லர். 'ஆமா' என்கிறாள் ஒதெத். அங்கேயே வெட்டிவிட்டார்கள். அடியில் கொட்டை எழுத்தில்: 'விசாரணையே இல்லாமல் அகதிகளுக்கு அனுமதி. முன்னாள் ஊழியர் ஒப்புதல்.' பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவன் கீழே எழுதியிருந்தான்: எல்லாரையும் கப்பலேத்துங்கடா.

"என்னை வச்சே..." என்றாள் ஒதெத்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் டாலியா. "நீங்க பார்த்ததைப் பிரமாண வாக்குமூலமா எழுதிக் கொடுத்தா, நாளைக்குக் காலையில நீதிமன்றத்துல தடை கேக்கலாம். ஆனா நான் மறைக்கக்கூடாது. இதுக்கு இந்த அறையோட பாதுகாப்பு கிடையாது. உங்க மேல வழக்குப் போடுவாங்க. பென்ஷனும்..."

"நாளைக்கே கேக்கலாமா?"

"நாளைக்கே."

"அப்போ இதைப் போன மாசமே கேட்டிருக்கலாம்."

சாண்ட்விச் சுற்றிக்கொண்டு போனவர்கள்மேல் இருந்த அருவருப்பு மொத்தமும் திரும்பி ஒதெத்தின் மேலேயே வந்து விழுந்தது. யாரும் தன்னைத் தொட முடியாத ஓர் அறை கிடைக்கட்டும் என்று ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டிருந்தாள். அந்த ஐந்து மாதத்தில் நாற்பத்தொரு பேரில் எத்தனை பேரை விமானம் ஏற்றினார்களோ!

சேர்னோ எழுந்து வந்தார்.

"அன்னிக்கு நீங்கதானே அந்த அறையில இருந்தது? தம்பியைப் பத்திச் சொல்லும்போது எனக்குத் தண்ணி ஊத்திக் கொடுத்தீங்க."

ஒதெத்துக்கு அது நினைவில் இல்லை. எல்லாருக்கும்தான் ஊற்றிக் கொடுப்பாள்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமாம்மா? தீர்ப்பு எழுதியாச்சுன்னு?"

"தெரியும்."

"நான் நாலு மணி நேரம் பேசினேன்." அவர் குரல் உயரவில்லை. "அவன் எப்படிச் செத்தான்னு எங்க அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல. அங்கதான் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"என்னை மன்னிச்சிடுங்க, ஐயா. நான்..."

"அது எனக்கு வேண்டாம்மா. எழுதுங்க. பெம்பர்ட்டன் செஞ்சதை எழுதுங்க. அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்கறதையும் எழுதுங்க."

டாலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது உங்களுக்கே எதிராகப் போகும் என்றிருப்பாள். ஒதெத் கையைக் காட்டி நிறுத்தினாள். குழுவுக்கென்று ஐந்து மாதமாகத் திருத்தித் திருத்தி எழுதிய தாளைப் புரட்டி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது வரியில், விசாரணை நடந்த அன்று காலையே எனக்குத் தெரியும் என்று எழுதினாள்.