நாலு சுருள் வயர்

அக்காவின் பைண்டிங் கடை தரைக்குக் கீழே இருந்தது. தெருவிலிருந்து எட்டுப் படி இறங்கினால் வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒரு இரும்புக் கதவு. அன்று காலை கொட்டிய மழையில் தெருத் தண்ணீர் முழுக்க அந்தப் படிக்குழிக்குள் இறங்கி இடுப்பளவு நின்றுவிட்டது. தண்ணீரின் பாரம் கதவை அழுத்திப் பிடித்திருந்தது. அக்காவும் தம்பியும் தம் கட்டி இழுத்தும் அது அசையவில்லை.

தம்பிக்கு வயரிங் வேலை. ஊருக்கெல்லாம் அவன் வயர்மேன். அக்காவுக்கு மட்டும் ‘டேய்’.

தெரு மட்டத்தில் கை மட்டும் நுழையும் அகலத்தில் ஒரு காற்றுத்துளை இருந்தது. அக்கா ஈரத்தில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கதவிடுக்கு வழியாகக் கசிந்த தண்ணீர் உள்ளே கணுக்கால் வரை ஏறியிருந்தது. அடித்தட்டுக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

தட்டுகளில் இருந்தவை பார்வையற்றோர் பள்ளியின் பாடப்புத்தகங்கள். மொத்தம் அறுபத்திரண்டு. ஒரு டீச்சர் பதினோரு வருஷமாகத் தன் கையாலேயே புள்ளி புள்ளியாகக் குத்திச் சேர்த்த பிரெய்ல் தாள்கள். அட்டை பிய்ந்துபோனதால் தைப்பதற்கு வந்திருந்தன.

“நனைஞ்சா புள்ளியெல்லாம் படுத்துடும்டா. அப்புறம் தடவிப் பாத்தா வெறும் தாளுதான்” என்றாள் அக்கா.

மேல்படியில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கெட்டில் மொண்டு ஊற்றினார்கள். வெளியே போனதற்கு ஈடாக மூட்டை இடுக்கில் உள்ளே வந்துகொண்டே இருந்தது.

வயர்மேனிடம் ஒன்றரைக் குதிரைத்திறன் பம்ப் ஒன்று இருந்தது. ஓடினால் கால் மணி நேரத்தில் குழி காலி. ஆனால் தெருவில் கரன்ட் இல்லை. பின்தெரு ரொட்டிக்கடையில் மட்டும் இருந்தது. கனமான கேபிள் கிடைக்குமா என்று தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டான். எல்லாக் கடையும் பூட்டு. கையில் இருந்தது வீட்டு விளக்குக்குப் போடும் மெலிந்த வயர், நாலு சுருள். போக இரண்டு, வர இரண்டு என்று சுருளோடு சுருள் முறுக்கிச் சேர்த்தான். தண்ணீரில் படாமல் சுவர் மேலாகவும் சன்னல் கம்பி வழியாகவும் இழுத்துக்கொண்டு வந்தான். நூற்று எண்பது மீட்டர்.

நுனியில் ஒரு குண்டு பல்பை மாட்டினான். பளிச்சென்று எரிந்தது.

“வந்துடுச்சு!” அக்கா கையைத் தட்டினாள். “போடுடா பம்பை!”

அவன் பம்பையும் இணைத்து ஸ்விட்சைத் தட்டினான். மோட்டார் ‘உம்ம்’ என்று முனகியது. சுற்றவில்லை. பக்கத்தில் பல்பு சிவந்து, கங்கு போல அடங்கியது. சட்டென்று நிறுத்தினான்.

மீட்டரை வைத்துப் பார்த்தான். பம்பைப் போடாதபோது இருநூற்று இருபது வோல்ட். போட்டால் தொண்ணூறு. ரொட்டிக்கடைக்காரர் அங்கிருந்து போனில் கத்தினார்: “இங்க முழுசா இருக்குப்பா! என்மேல பழி போடாத!”

“உங்க பக்கம் தப்பில்லண்ணே” என்றான். பிறகு அக்காவிடம்: “வயரு நீளமாக ஆக அதுவே கரன்ட்டைத் தடுக்கும்க்கா. இது மெலிசு வேற. பல்புக்குத் துளி போதும், அதான் எரிஞ்சுது. பம்பு கேக்குற அளவு இதுல வராது.”

“அப்போ நீளத்தைக் குறைடா!”

“குறைச்சா இங்க எட்டாதேக்கா.”

வயரை இரட்டையாக இழுத்தால் பாதித் தடையாவது குறையும் என்று அவன் கணக்குப் போட்டான். அதற்கு இன்னும் நாலு சுருள் வேண்டும். கடைசியாக, அக்காவை ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு, மோட்டாரின் விசிறியை ஒரு குச்சியால் தள்ளிவிட்டான். சுற்றியது. குழாய் முனையில் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்தது. அக்கா “ஓடு ஓடு” என்று மாட்டை விரட்டுவதுபோல் அதை விரட்டினாள். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது. உள்ளே கம்பிக்குப் பூசியிருந்த வார்னிஷ் கருகும் வாடை வந்தது, மோட்டார் நின்றது. அதற்கப்புறம் முனகக்கூட இல்லை.

மறுபடி பக்கெட். மதியம் தாண்டியது. அக்கா நடுநடுவே துளையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். “அடித்தட்டு போச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டாவது.” அதற்குப்பின் அவள் பார்க்கவில்லை.

மூன்றரை மணிக்கு வயர்மேன் சும்மா கதவின் பிடியில் கை வைத்தான். அது தானாகவே அவன் பக்கம் வந்தது. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டம் ஆகிவிட்டது. கதவைப் பிடித்துவைக்க இனி எதுவும் இல்லை.

மேல்தட்டில் பதினாலு புத்தகம் காய்ந்தபடியே இருந்தன. மற்றவற்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மேலே படியோரம் அடுக்கினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளைத் தடவினாள். வழவழவென்றிருந்தது.

டீச்சருக்கு அவள்தான் போன் போட்டாள். பதினாலின் பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“கணக்கு அஞ்சாம் பாகம்?” என்று கேட்டது அந்தக் குரல்.

“இல்ல டீச்சர்.”

“உங்கள்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்றார் டீச்சர்.

அக்கா போனைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் அதைக் காதில் வைத்து, “யாருக்கும் ஒண்ணும் ஆகல டீச்சர்” என்றான்.