உள்ளூர்த் தபால்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேச வாய் வராது. டீக்கடை பெஞ்சில் தொடை உரச உட்கார்ந்துகொண்டு ஒருத்தனுக்கு ஒருத்தன் போனில் தட்டிக்கொள்வான்கள். மழை வருமா என்று அண்ணாந்து பார்க்க மாட்டான்கள், அதற்கும் போனைத்தான் பார்ப்பான்கள். அதனால்தான் செத்துப்போன பீமாராவ் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் விலையை மெயிலில் அனுப்ப ஆரம்பித்தபோது செஞ்சியில் ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை என்பது காஸ்பர் கிழவரின் எண்ணம்.

பீமாராவ் மல்லாட்டை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். ஆடியில் அவரை எரித்தார்கள். ஆவணியில் அவர் பெயரிலிருந்து மறுபடி விலை வந்தது, மூட்டைக்கு இவ்வளவு, காய் ஈரமாக இருந்தால் இவ்வளவு குறைவு என்று. விலை சரியாகவே இருந்ததால் வியாபாரிகள் அதை வைத்தே ஏலம் கூப்பிட்டார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதற்காகச் சங்கத்தின் பின்னறையில் ஒரு சர்வர் வாங்கிப் போட்டிருந்தார்கள். திரையில் தலைகாட்டாத ஒரு புரோகிராம் அதற்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் போட்ட தபால் ஒரு தட்டில் வந்து விழும். அதை எடுத்து உரியவர் பெட்டியில் வைப்பதுதான் அதன் வேலை. எழுதினவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புரட்டாசி வெயிலில் சங்கத்து வாசல் வேப்பமரம் தண்ணீர் கேட்டு எழுதியது. இரண்டு குடம் ஊற்றினார்கள், துளிர்த்தது.

மல்லாட்டை பயிரிடுகிற காஸ்பருக்கும் சங்கத்தில் ஒரு பெட்டி உண்டு, அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. ஐப்பசியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷோபனா ஆளனுப்பி அவரை வரவழைத்து, வந்திருந்ததைப் படித்துக் காட்டினாள். "நைனா, சாப்டியா? இங்க தண்ணி சில்லுன்னு இருக்குது. சாயங்காலம் ராஜகிரி நெழலு மொதல்ல எம்மேலதான் விழுது. அலெக்சாண்டர்."

அலெக்சாண்டர் அவருடைய ஒரே மகன். பல வருஷங்களுக்கு முன்னால், பிடுங்கின மல்லாட்டையைக் காயப் பரப்பாமல் குவியலாகவே விட்டுவிட்டுக் கோட்டைப் பக்கம் கிரிக்கெட் ஆடப் போனான். அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. குவியலுக்குள்ளேயே காய் முளைத்துவிட்டது. காய் ஆய வந்த பொம்பளைகள் எதிரில் காஸ்பர் அவனை அறைந்தார். "இந்த ஊரு எல்லைக்குள்ள உம் மூஞ்சியக் காட்டாத" என்றார். அவன் போனான். பெங்களூருக்குத்தான் போயிருப்பான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சாயங்காலம் பெங்களூரு பஸ்ஸில் இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கல்லறைத் திருநாளில் அவர் சம்சாரம் ராயம்மாள் ஒரு மெழுகுவத்தி அதிகமாக வாங்கினால் பிடுங்கி எறிவார். உயிரோடு இருக்கிறவனுக்கு எவளாவது மெழுகுவத்தி கொளுத்துவாளா?

அதனால் மெயில் வந்த அன்றைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை. டீக்கடை இளையபெருமாள், "இன்னா காஸ்பரு, மெஷினு பொய் சொல்லும்னுவியே, இன்னிக்கி மட்டும் அரிச்சந்திரனாயிடுச்சா?" என்று கேலி செய்தான். "போடா, எம் புள்ள எழுதுனா அது மெஷினா?" என்று சொல்லிக் கடையிலிருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் பெங்களூரு விலாசம் கேட்கப் போனார். ஷோபனா தலை நிமிராமல் சொன்னாள். "பெரிப்பா, இது உள்ளூர்த் தபால மட்டுந்தான் எடுக்கும். வெளியூர்லேர்ந்து வர்றதுக்கு வழியே வேற. எல்லைக்கு அந்தாண்ட இருந்து போட்டா இது தொடாது."

"அப்ப அவன் ஊருக்கு வந்துட்டான்னு சொல்லு."

காஸ்பர் லாட்ஜ் லாட்ஜாகத் தேடினார். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, லாரி ஷெட், சினிமாக் கொட்டகை ஒன்றையும் விடவில்லை. அகப்படாமல் திரும்பி வந்து, "ஏன்டா ஒளிஞ்சிக்கினு கீற, ஊட்டுக்கு வா" என்று ஷோபனாவை எழுதச் சொன்னார். பதில் அப்போதே வந்தது. "நான் எங்கியும் போவல நைனா. நீ எல்லைக்குள்ள இருக்காதன்ன, எல்லையத் தாண்ட முடியல. கோச்சிக்காத." அதைப் படித்துக் காட்டிவிட்டு ஷோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காஸ்பருக்கு எரிச்சல் வந்தது. "எதுக்குமா அழுவுற? கரண்டுல ஓடுறது எதுனா உண்மை பேசுமா?"

ராயம்மாளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாயங்காலம் கோட்டை மலையான ராஜகிரியின் நிழல் மலையடியில் செட்டிகுளத்துத் தண்ணீரில்தான் முதலில் விழும். குளத்தில் இறங்கித் தேடலாமா என்று யாரும் கேட்கவில்லை. விலாசம் தெரிந்துவிட்டது, ஊருக்கு அது போதுமாக இருந்தது. கல்லறைத் திருநாளன்று மாதா கோவில் சாமியாரே குளத்தங்கரைக்கு வந்து தண்ணீரை மந்திரித்துவிட்டுப் போனார். தெருக்காரர்கள் படிக்கட்டில் மெழுகுவத்தி வைத்தார்கள். ஷோபனா ஓர் அகல் விளக்கு வைத்தாள். காற்று அடித்தும் ஒன்றுகூட அணையவில்லை, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

காஸ்பர் எல்லாருக்கும் பின்னால் வந்து நின்றார். மெழுகுவத்தியைத் தொடவில்லை. "பெங்களூர்ல கீற புள்ளைக்கு இங்க எழவு கொண்டாடுறீங்க. பைத்தியக்கார ஜனங்க" என்றார். மலை நிழல் வந்து தண்ணீரில் படிந்தது. அவர் தோளிலிருந்த கெட்டித் துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, தண்ணீர் தொடும் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"இந்தாய்யா, துண்ட உட்டுட்டுப் போற" என்று ராயம்மாள் கூப்பிட்டாள்.

"கெடக்கட்டும், சில்லுன்னு இருக்குதாம்ல" என்றார் காஸ்பர், திரும்பிப் பார்க்காமல். பெங்களூரு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.