கட்டைவிரற் குருதி

பங்குனித் திங்களின் பிற்பகல் வெயில் ஆரவல்லிக் குன்றுகளின் மேல் ஏறி நின்று இறங்க மனமின்றித் தயங்க, இலையெல்லாம் உதிர்த்துச் செக்கச் சிவந்து பூத்த புரச மரங்களுக்கிடையே, நீர் வற்றி மணலாய்க் கிடந்த ஆற்றின் கரையில் முந்நூறு ஆண்டுகள் நிமிர்ந்து நின்ற ஆம்பாகட் அரண்மனை, தன் கடைசி முடிசூட்டு நாளைக் கண்டது. கற்றறிந்தோரே, அந்நாளில் உள்ளம் உடைந்து அழுதவன் ஒருவனை உமக்குக் காட்டுகிறேன். அவன் பெயர் நாஞ்சி; மலைவாழ் பீல் மக்களில் கடாரா குடியின் தலைவன். ஐம்பத்தெட்டு அகவை கடந்த அவன், இடையில் சிறு கத்தியொன்றைச் செருகிக்கொண்டு அரண்மனைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான்.

அந்தக் கத்திக்கு ஒரு கதையுண்டு. உடன்பிறந்தோர் துரத்த, ஒற்றைக் குதிரையும் ஒடிந்த வாளுமாய் இம்மலைக்கு ஓடிவந்த ஜேத்சிங் என்னும் இளைஞனைத் தன் குடிலில் ஒளித்து, சோளக்களி ஊட்டி, வில்லாளர் நானூற்றுவரைத் துணையாய்த் தந்து, இறுதியில் தன் கட்டைவிரலைக் கீறி, அக்குருதியால் நெற்றியில் பொட்டிட்டு அவனை அரசனாக்கியவன் நாஞ்சியின் முன்னோன். ‘உங்கள் குருதி எங்கள் நெற்றியிலிருக்கும் வரை கிழக்குக் காடு உங்களுடையது’ என்றான் ஜேத்சிங். ஓலையில்லை, முத்திரையில்லை, வாய்ச்சொல்லே உறுதி. அப்பப்பா, அதன்பின் எத்தனை அரசர்கள்! சிலர் ஏரி வெட்டினர். சிலர் அந்த ஏரிக்கரையில் அமர்ந்து குடித்தே மாண்டனர். பின்வந்தோர் வெள்ளையனுக்குத் திறை கட்டிப் பதினொரு பீரங்கி வேட்டு மரியாதை வாங்கிப் பூரித்தனர். எவர் வந்தாலும் கடாரா விரல் கீறப்பட்டது. காடும் அவர்களிடமே இருந்தது. அதன் இலுப்பைப் பூதான் கோடையில் அவர்களுக்குச் சோறு.

அயலார் எதிரே எதையும் ‘என்னுடையது’ என்று சொல்லாமை அக்குடியின் மரியாதை. ஆடு யாருடையது என்றாலும், பெற்ற பிள்ளை யாருடையது என்றாலும், ‘ராவலுடையது’ என்று அரசனைச் சொல்வதே வழக்கம். சென்ற திங்கள், வெள்ளையன் போனபின் வந்த புதிய அரசின் நிலம் அளப்போர் வந்து காடு யாருடையது என வினவியபோதும், நாஞ்சி நெஞ்சை நிமிர்த்தி, “எல்லாமே அன்னதாதா ராவலோடதுதாங்க” என்றான். “அப்ப இந்தத் தாள்ல விரல வை” என்றார்கள், வைத்தான். ஐயோ, பேதை மனிதன்!

பழைய ராவல் மறைந்து பன்னிரு நாள் கழிந்திருந்தது. கூடத்தில், தந்தையின் திண்டில் அமர்ந்திருந்தான் இருபத்தாறு அகவை மைந்தன் உதய்பான்சிங். நாஞ்சி எவரையும் கேளாமல் கத்தியை உருவி விரலைக் கீறினான்.

“வேண்டாம் காகா, கத்திய உள்ள வைங்க. அரசு போயிடுச்சு. காலைலதான் புது அரசுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்” என்றான், சிற்றப்பன் முறை வைத்து அவனைக் காகா என்றழைக்கும் இளையவன்.

“போனாப் போகட்டும் அன்னதாதா, நெத்தி இருக்குல்ல? உங்கப்பாவுக்குப் பொட்டு வச்ச விரலு இது. நீங்க வாங்கிக்கிட்டாத்தானே காடு எங்களுக்கு?”

இளையவன் திண்டருகே கிடந்த தாளொன்றை எடுத்து அவன்முன் நீட்டினான்.

“என் சொந்தச் சொத்துக்குப் பட்டியல் கேட்டாங்க. அரண்மனை, ரெண்டு காரு, ஏழு வேட்டை நாய், எல்லாம் எழுதினேன். காடு மட்டும் கடாராவோடதுன்னு சொன்னேன். உடனே இந்தத் தாள நீட்டிட்டாங்க. காடு ராவலோடதுன்னு நீங்களே சொன்னதா இதுல இருக்கு. ராவலோட காடெல்லாம் இனி அவங்களுது.”

நாஞ்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தாளின் அடியில் நீல மையில் பதிந்திருந்த விரலடையாளத்தையும், அதன் குறுக்கே வெள்ளையாய் ஓடிய தழும்பையும் அவனுக்குத் தெரியும். அது பழைய ராவலுக்குப் பொட்டிட்ட நாளின் வெட்டு.

“மரியாதைக்குச் சொன்னேங்க... மரியாதைக்குச் சொன்னதப் போயி எழுதுவாங்களா?” என்று அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதான்.

உதய்பான்சிங் திண்டைவிட்டு இறங்கி அவன் முன் மண்டியிட்டு, “வைங்க காகா” என்று தலை தாழ்த்தினான். கீறிய விரலை வெறுமனே கொண்டுபோக மனமின்றி, நாடில்லாத அந்நெற்றியில் நாஞ்சி பொட்டு வைத்தான்.

வெயில் சாய அவன் காட்டோரம் வந்தபோது, மனைவி ஜீவ்லி இலுப்பைப் பூ நிறைந்த கூடையருகே குந்தியிருந்தாள். காக்கிச்சட்டைக் காவலன் ஒருவன் கம்பூன்றி நின்றான்.

“யாரக் கேட்டுய்யா இவ பூப் பொறுக்குறா? காடு யாருது?”

“எங்களுது” என்றான் நாஞ்சி. அவன் குடியில் எவரும் அயலான் முகத்துக்கு நேரே சொல்லியறியாத சொல் அது. “இந்தக் காடு எங்களுதுய்யா.”

“அடேங்கப்பா, பெரிய ராஜா! எழுத்து இருக்கா?”

குருதி காயாத கட்டைவிரலை நாஞ்சி உயர்த்திக் காட்டினான். காவலன் அதைப் பார்த்துவிட்டு, “போயி மருந்து போடு” என்றான்.

ஆம்பாகட் அரசு ஒரு காலைப்பொழுதில், ஒரு கையெழுத்தில் முடிந்ததென்றே எழுதுவோர் எழுதுவர். நாஞ்சிக்கோ அது, ஜீவ்லி தான் பொறுக்கிய பூக்களையெல்லாம் மரத்தடியிலேயே மறுபடி கொட்டிவிட்டு, வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தபோது முடிந்தது.