இரண்டாம் டிரம்பெட்டின் துண்டு

மார்ச் 11, புதன்

நேற்று கொட்டாஞ்சேனை மாலை இசை வகுப்பில் ஒரு சின்னப் பிழை விட்டேன். டிரம்பெட்டின் சுருதிக் குழாயை உள்ளே தள்ள மறந்துவிட்டேன்.

வெள்ளவத்தை அறையில் எப்போதும் டிரம்பெட்டின் வாயை மூடியால் அடைத்துத்தான் பழகுகிறேன். அடைத்தால் சத்தம் குறையும், ஆனால் சுருதி ஏறிவிடும். அதைச் சரிக்கட்டக் குழாயை வெளியே இழுத்து வைப்பேன். வகுப்பில் மூடியைக் கழற்றினேன், குழாயை அப்படியே விட்டேன். எல்லா ஸ்வரமும் இறங்கி ஒலித்தது.

"மச்சான், ஒன்ட டிரம்பெட்டுக்குத் தடிமலா? பனடோல் ரெண்டு குடு" என்றான் கூடப் படிக்கும் ஷிஹான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் பயம் பிடித்தது. சனிக்கிழமை இசைக்குழுத் தேர்வு. இரண்டாம் டிரம்பெட்டுக்கு ஒரே ஓர் இடம். அங்கே மூடி இல்லாமல் வாசிக்க வேண்டும். என் டிரம்பெட்டின் முழுச் சத்தம் எனக்கே பழக்கமில்லை. பக்கத்து அறையில் இருக்கும் வீட்டுக்கார ஆன்ட்டியிடம் "சத்தமாக வாசிக்கலாமா" என்று ஒரு வருடமாக நான் கேட்கவே இல்லை.

இன்று வேலை முடிந்து வந்ததும் கேட்காமலே மூடியைக் கழற்றினேன். தேர்வுக்குத் தந்த முதல் இசைத் துண்டு முடிய முன்பே சரோஜினிதேவி ஆன்ட்டி வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, இண்டைக்குச் சத்தம் வேற மாதிரி?"

"மூடிய கழட்டிட்டேன் ஆன்ட்டி. தொந்தரவா இருக்கா?"

"கரைச்சல் எண்டா அப்பவே கதவத் தட்டியிருப்பன். இவ்வளவு நாளும் சுவருக்குள்ள நுளம்பு ஙொய்ங்கெண்டு கத்துதெண்டெல்லோ நினைச்சன். இது என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல ஆன்ட்டி. பெரிய குழு வாசிக்கிறதுல என் பங்கு மட்டும்."

"மிச்சம்?"

"மத்த ஆளுங்ககிட்ட."

"அப்ப அந்த ஆக்கள் வந்தாப் பிறகு வாசியுமன். தனியக் கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

அவர் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். இரண்டு ஸ்வரம், நீண்ட மௌனம், மறுபடி ஒரு ஸ்வரம். அந்த மௌனத்தில் வயலின்கள் வர வேண்டும். இங்கே மின்விசிறிதான் சுற்றுகிறது. இடம் கிடைத்தால்தான் அந்த ஆட்கள் வருவார்கள். கிடைக்காவிட்டால் இந்தத் துண்டு துண்டாகவே இருக்கும்.

அட்டனில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுக்க நினைத்தேன். அவருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. எடுக்கவில்லை.

வாசிப்பு பரவாயில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஆன்ட்டி வாசலில் நின்றபோது உதடு நடுங்கியது. சனிக்கிழமையும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

நாளைக்கு: குழாயை உள்ளே தள்ள வேண்டும். மூடியைப் பெட்டியிலேயே விட வேண்டும். ஆன்ட்டி வீட்டில் இருக்கும் நேரம், கதவைத் திறந்து வைத்து, முதல் துண்டை மௌனங்களோடு முழுதாக வாசிக்க வேண்டும்.