பேனரில் அச்சான வாக்கியம்

1

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். குளியலறைத் தொட்டியிலிருந்த மூன்று ஏரி ஆமைகளை* ஈரத்துணி விரித்த பெட்டிகளில் வைத்தேன். இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதற்கு முன் சில வரிகளாவது உண்மையாக இருக்கட்டும்.

(* காயம்பட்டு வந்தவை. ஓடு தேறியதும் ஏரியில் விட்டுவிடுவோம்.)

2

வேறு தொடக்கம்: "அறிவியல் விழாவில் எங்கள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம்." எங்கள் மேசை இல்லை. என் மனைவியின் மேசை. எட்டு மாதம் முன்பு வரை.

ஆமைகளுக்குப் பெயர் கிடையாது. "பேர் வெச்சா பாக்க வர்ற பசங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்பாள். இந்தக் கதையிலும் யாருக்கும் பெயர் வைக்கவில்லை.

3

மேசைக்குப் பின்னால் பேனர். அவள் படம். கீழே அவளுடைய கடைசி வார்த்தை: "ஆமைகளைப் பாத்துக்கோங்க."

அச்சடித்தது மச்சினி. அக்கா இறந்தபோது அவள் வெளிநாட்டில் இருந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா மாமா?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

விழாவில் ஒரு சிறுமி கேட்டாள்: "அங்கிள், இது ஓட்டைக் கழட்டிட்டு வெளிய வருமா?"

"வராது. ஓடு முதுகெலும்போட சேந்தே வளருது."

"குளிக்கிறப்போ?"

"ஓட்டோடதான்."

"பாவம்."

மச்சினி சிரித்தாள். "அக்கான்னா அரை மணி நேரம் பேசியிருப்பா. நீங்க என்ன மாமா, தந்தி அடிக்கிறீங்க." பிறகு பேனரின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல. அவ சொன்னதையாவது செய்யணும். திங்கக்கிழமை வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துடப்போறேன். இனி முழுநேரமும் இதுதான்."

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் வேலையை விடுகிறாள். ஆமைகளுக்கு நல்லது.

நான் சொல்லிவிடுகிறேன். அவள் பேனரைக் கழற்றி

(இந்த வரியை அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது, "அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

மச்சினி கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். உள்ளே ஆமை இருந்தது.

"பின்ன என்ன சொன்னா?"

சொன்னேன். திங்கட்கிழமை அவள் என்ன செய்வாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

5

ஆஸ்பத்திரி. மத்தியானம் இரண்டு மணி. கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி சொன்னாள், நான் கேன்டீனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

சொன்னது இது:

"போய்ச் சாப்பிடுடா. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே பசிக்குது."