பத்து எண்ணுவதற்குள்

குழந்தைகள் காப்பகத்தில் முந்தாநாள் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. மற்றவர்களுக்கும் பரவுவதற்குள் தடுப்பூசி போட்டுவிட வேண்டுமென்று நர்ஸம்மா ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சமிருந்த பதினான்கு பேரையும் ஒவ்வொருவராக மடியில் வாங்கிக்கொண்டது ஆயாம்மாதான்.

"எறும்பு கடிச்ச மாதிரிடா கண்ணு. பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஒண்ணு, ரெண்டு, மூணு, பத்து! பாத்தியா?"

பிள்ளைகளுக்கு அழுகையே மறந்துபோனது. பதினான்காவது ஆள் மடியை விட்டு இறங்கியதும் நர்ஸம்மா புதிதாக ஓர் ஊசியைப் பிரித்தார்.

"அடுத்து நீங்க."

"நானா? எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டாச்சு சிஸ்டர். உடம்பு பூரா கொப்புளம். வேணும்னா எங்கக்காவைக் கேளுங்க."

எந்த வேளையில் அப்படிச் சொன்னாளோ, நர்ஸம்மா கேட்டேவிட்டார். கைபேசியில் அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அவளுக்கா? அம்மை போட்டது எனக்குங்க. இவளை அன்னிக்கே அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து என் தழும்பைப் பாத்துட்டு, தனக்கு வந்த மாதிரியே எல்லார்கிட்டயும் கதை விட்டா. இப்ப அவளே அதை நம்பிட்டா போலிருக்கு."

"அக்கா, நீ போனை வை!"

"ஊசின்னா கட்டிலுக்கடியில பூந்துக்குவா. பாத்துங்க!"

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பெரியவங்களுக்கு வந்தா பாடாப் படுத்திடும். போட்டுக்கலைன்னா மூணு வாரம் இந்தப் பக்கமே வரக்கூடாது."

ஊசியைவிட அதுதான் ஆயாம்மாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமா? அவள் தட்டிக்கொடுக்காமல் மத்தியானம் ஒரு பிள்ளைகூடக் கண்மூடாதே! சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் மூன்று வயதுக்காரி, அவள் ஊட்டினால்தான் வாயையே திறப்பாள்.

அந்தச் சுண்டெலி எதிரே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் ஆயாம்மா. கண்ணை மூடிக்கோ. நான் பத்து எண்றேன்."

ஆயாம்மா கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடினாள். பத்து வந்தால் தீர்ந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி சுண்டெலி ஒழுங்காகத்தான் எண்ணினாள். ஆனால் அவளுக்கு ஏழு வரைக்கும்தான் தெரியும். ஏழு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

நர்ஸம்மா ஊசியைப் போட்டு, பஞ்சை ஒட்டி, அட்டையில் தேதியும் எழுதிவிட்டார். பெட்டியைக்கூட மூடியாயிற்று.

"சிஸ்டர், சீக்கிரம் போட்டுத் தொலைங்களேன்!" என்றாள் ஆயாம்மா, கண்ணைத் திறக்காமலே. "பாவம், புள்ள எத்தனை தடவைதான் எண்ணும்?"